பழைய அச்சு, புதிய பெட்டி

"பழைய கள், புதிய மொந்தை" என்பது நம் ஊரில் ஏசுவதற்கு வைத்திருக்கும் சொல். பழைய சரக்கைப் புதிது போல் காட்டித் தள்ளிவிடுகிற வியாபாரியைப் பார்த்துச் சொல்வது. ஆனால் பழைய சரக்கைப் பழையது என்றே சொல்லி, அந்தப் பழமைக்காகவே நல்ல விலையும் வாங்குகிற ஒரு தொழில் அமெரிக்காவில் நடந்து வருகிறது. மளிகைக் கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

1932-இல் ஃபோர்டு கம்பெனி குறைந்த விலைக் காரில் எட்டு சிலிண்டர் 'வி-8' எஞ்சினைப் பொருத்தி விற்றது. சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழசாகி மலிவாகக் கிடைத்தபோது தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றினார்கள்; கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள்; எஞ்சினை முடுக்கி, வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள். அந்தக் கார்களுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். அவற்றையே 25-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் உதிரிகளாக வார்த்து, பெட்டியில் அடைத்து விற்றவர்கள்தான் நாம் சொல்ல வந்த வியாபாரிகள். வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து ஒட்டி, வர்ணம் பூசி, காராக்கிக்கொள்ள வேண்டும்.

மிச்சிகனில் 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி., கலிபோர்னியாவின் ரெவெல், இல்லினாய் மாநிலத்தின் மோனோகிராம் ஆகியவை இதில் பெரிய பெயர்கள். ஏ.எம்.டி. முதலில் கார் விற்பனைக் கடைகளில் காட்சிக்கு வைக்கும் சிறிய மாதிரிகளைத்தான் செய்தது. 1958-இல் 'ஒன்றில் மூன்று' என்று ஒரு பெட்டி போட்டது. கம்பெனியில் வந்தபடியே கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். மூன்றுக்கும் உதிரி உள்ளே இருக்கும். ஒரு வகையைக் கட்டினால் மற்ற இரண்டின் உதிரிகள் மிஞ்சும். மிஞ்சிய எஞ்சினைப் பொருத்த இன்னொரு கார் வேண்டும். ஆக, முதல் பெட்டிக்குள்ளேயே அடுத்த பெட்டிக்கு அச்சாரம்! 1960-களின் தொடக்கத்தில் விலை ஏறக்குறைய ஒன்றரை டாலர். கலிபோர்னியாவில் விசித்திரக் கார்கள் கட்டிப் பெயர் பெற்ற எட் ராத் என்பவரின் 'பீட்னிக் பாண்டிட்' காரையும், அவர் வரைந்த 'ராட் ஃபிங்க்' என்ற எலியையும் ரெவெல் 1963-இல் பெட்டியாக்கியது. அவருக்குப் பெட்டிக்கு ஒரு சென்ட் உரிமைத்தொகை. ராத் 2001-இல் காலமானார். அதன் பிறகும் அந்தப் பெட்டிகள் மறுபடி மறுபடி வெளிவந்திருக்கின்றன.

இது எப்படி முடிகிறது? இந்தத் தொழிலில் பிளாஸ்டிக் முதல் அல்ல. எஃகு அச்சுதான் முதல். ஒரு அச்சு வெட்டப் பெருந்தொகை ஆகும். வெட்டிய பிறகு உள்ளே ஊற்றும் பிளாஸ்டிக்கின் மதிப்பு சொற்பம். அதனால்தான் கம்பெனிகள் கைமாறினாலும் அச்சுகளுக்கு மதிப்புப் போகவில்லை. ஏ.எம்.டி. பல கைகள் மாறி, இண்டியானாவின் 'ரவுண்ட் 2' நிறுவனத்திடம் வந்தது. ரெவெலும் மோனோகிராமும் 1986-இல் ஒன்றாயின. பிற்காலத்தில் அவற்றை வைத்திருந்த ஹாபிகோ என்ற பெரிய விநியோக நிறுவனம் 2018 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டில் ரெவெலை வேறொருவர் வாங்கிக்கொண்டார். நிறுவனம்தான் நொடித்தது, அச்சு நொடிக்கவில்லை.

எல்லா அச்சும் தப்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் புது மாடல் கார் வரும்போது, போன ஆண்டு அச்சையே வெட்டி மாற்றி அடுத்த ஆண்டுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். சில அச்சுகளைப் பந்தயக் காருக்காக மாற்றினார்கள். வெட்டியது வெட்டியதுதான். அன்றைய சிக்கனம் பிற்காலத்துக்கு நஷ்டமாயிற்று.

மறுவெளியீட்டுப் பெட்டியை வாங்குகிறவர்களில் பலர் சிறுவயதில் இதைக் கட்டியவர்கள். அவர்கள் வாங்குவது எளிதான வேலையை அல்ல. பழைய அச்சு தேய்ந்திருந்தால் உதிரியின் ஓரத்தில் மெல்லிய தோல் போலப் பிளாஸ்டிக் பிதுங்கி நிற்கும். அதைச் சீவ வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டை நைஸ் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பசை போகச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தக் காலப் பெட்டிகளில் முன்சக்கரக் கம்பி எஞ்சினையே துளைத்துக்கொண்டு போகும்; நிஜக் காரில் அப்படிக் கிடையாது என்று தெரிந்தவர் அந்த ஓட்டையை மக்கு வைத்து அடைத்துவிட்டு, வேறு வழி செய்வார். பிறகு பிரைமர், வர்ணம், மெருகு. இவ்வளவும் முடிய வாரக்கணக்கில் ஆகலாம். இத்தனை குறை உள்ள சரக்கை ஏன் வாங்குகிறார்கள்? குறை இன்னது என்று தெரிந்து வாங்குவதால்தான்.

இதில் இரண்டு தரப்புக்கு மனக்குறை உண்டு. முதல் தரப்பு, பழைய பெட்டிகளைப் பிரிக்காமல் சேர்த்து வைத்தவர்கள். அதே பெட்டி புதிதாக வந்தால் தங்கள் இருப்பின் விலை இறங்கிவிடும் என்பது அவர்கள் கவலை. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டோம். தொலைந்துபோன அச்சைத் திரும்பச் செய்யப் பிரிக்காத பழைய பெட்டிதான் நல்ல மாதிரி. ஆனாலும் கட்டுவதற்காகச் செய்த பொருளை விலை ஏறட்டும் என்று பூட்டி வைப்பவரைவிட, கட்டுகிறவர் பக்கமே நாம் நிற்போம். பூட்டி வைத்தாலும் சரக்கு அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய பெட்டிக்குள் மெத்தென்ற டயர் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் இளகிப்போவதும், ஒட்டுப் படங்கள் மஞ்சளாவதும் உண்டு. சீல் பிரியாத பெட்டியிலும் சரக்கு கெடும் என்பது நமக்குத் தெரியாததா?

இரண்டாம் தரப்பின் குறைதான் நியாயமானது. பழைய ஓவியத்தை அப்படியே பெட்டி மேல் அச்சிடுகிறார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது மூல அச்சில் வார்த்ததா, பின்னால் மாற்றிய அச்சா, புதிதாக வெட்டியதா? முன்பு இருந்த உதிரிகள் எல்லாம் இருக்கின்றனவா? இதைப் பெட்டியின் பக்கத்தில் தெளிவாக அச்சிட வேண்டும் என்பது நம் கருத்து. அச்சிடாத இடத்தில் கடைக்காரர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்த கடைக்காரரைத் தேடித்தான் வாடிக்கையாளர் வருவார். சொல்லத் தெரியாவிட்டால் எங்கே விலை குறைவோ அங்கே போய்விடுவார்.

இப்போது நம் கல்லாவுக்கு வருவோம். நம் கடையிலும் பழமைக்கு மதிப்பு உண்டு. "அரிசி பழசா, புதுசா?" என்று கேட்காத அம்மா யார்? பழைய புளிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது நம்மில் எத்தனை பேர் மூட்டையைப் பார்த்து உள்ளதைச் சொல்கிறோம்? "பழசுதாம்மா" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிடுகிறது. சாதம் குழைந்தால் அந்த அம்மா சண்டைக்கு வரமாட்டார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார், அவ்வளவுதான். புது அரிசியைப் புதிது என்று சொல்லி, "தண்ணீரைக் குறைத்து வையுங்கள்" என்று கூடவே ஒரு வார்த்தை சொன்னால் அந்த மூட்டையும் விற்கும், நம் பெயரும் நிற்கும்.

அறுபது ஆண்டுக்கு முந்தைய அச்சிலிருந்து, குறையோடு வரும் ஒரு பொம்மைக் காரைக் குறை தெரிந்தே காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. அப்படியிருக்க, நாம் உள்ளதைச் சொல்லப் பயப்படுவது ஏன்? மூட்டை மேல் ஒரு அட்டை. அதில் பழசு, புதுசு என்ற ஒரு சொல். செலவு ஒன்றும் இல்லை. இந்த வாரமே எழுதி வைப்போம்.