விற்பதோடு முடிவதில்லை வியாபாரம்!

வீட்டு வேலைகளைத் தானே செய்யும் சாதனங்களின் காலம் இது. தரையைப் பெருக்கித் துடைக்கும் ரோபோ, பாத்திரம் கழுவும் இயந்திரம், தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி, புல் வெட்டும் ரோபோ என்று புதுப்புதுச் சரக்குகள் சந்தைக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. இவற்றை வாங்கி விற்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி நம் உறுப்பினர்கள் பலரிடம் இருக்கிறது. "இதெல்லாம் ஆன்லைனில் போகிற சரக்கு, நமக்கு எதற்கு?" என்று ஒதுங்குவோர் ஒருபுறம். லாபம் நிற்கிறது என்பதற்காகப் பெட்டி பெட்டியாக இறக்குவோர் மறுபுறம். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. பழுது பார்த்துத் தர வழியிருந்தால் துணிந்து விற்கலாம். அந்த வழி இல்லையென்றால் எவ்வளவு லாபம் கிடைத்தாலும் தொடாமல் இருப்பதே நல்லது.

கிரைண்டர் கற்றுத் தந்த பாடம்

வீட்டு வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பது கோவைக்காரர்களாகிய நமக்குப் புதிதல்ல. 1955-ல் பி. சபாபதி அவர்கள் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கியது இந்தக் கோவையில்தான். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகளும், அவற்றைச் சார்ந்து வார்ப்படப் பட்டறைகளும் மோட்டார் தொழிலும் இங்கே வளர்ந்திருந்தன. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம் இருந்தது. ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் குழவி பிடித்துச் சுற்றிய கைகளுக்கு விடுதலை கிடைத்தது. பெரிய கிரைண்டர், பிறகு சாய்த்து மாவெடுக்கும் டில்டிங் கிரைண்டர், பிறகு மேசை மேல் வைக்கும் டேபிள் டாப் என்று அது வளர்ந்தது. 2005-06-ல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தனை வீடுகளுக்குள் அது எப்படி நுழைந்தது? விளம்பரம் மட்டும் காரணமல்ல. பெல்ட் அறுந்தால் அடுத்த தெருவில் மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் கருகினால் காயில் கட்டித் தர ஆள் உண்டு. கல் மழுங்கினால் கொத்திக் கொடுக்க ஆள் உண்டு. எனவே, "இன்றைக்கு நின்றாலும் நாளைக்கு ஓடும்" என்ற நம்பிக்கை வாங்குபவருக்கு இருந்தது. 2011-ல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியது. இலவசமாக வந்த கிரைண்டருக்கும் பெல்ட் அறும், சுவிட்ச் போகும். அப்போது மக்கள் தேடி வருவது பக்கத்துக் கடையைத்தான். விற்காத பொருளாலும் கடைக்கு வேலை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் வீட்டுக்கு ஏற்றதா?

புதிய சாதனங்கள் பெரும்பாலும் வேறு நாட்டு வீடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஸ்வீடன் நாட்டு ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய ஒளியில் ஓடும் புல் வெட்டும் ரோபோவை 1995-ல் கொண்டுவந்தது. வீட்டுக்கு வீடு புல்வெளி உள்ள ஊர்களுக்கு அது சரி. போத்தனூரில் வாசலில் இடமிருந்தால் கறிவேப்பிலையும் தென்னையும் வைப்போமே தவிர, புல்லையா வளர்ப்போம்? கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், ஆலை வளாகம் போன்ற இடங்களில் யாராவது கேட்டால் ஆர்டர் எடுத்து வரவழைத்துக் கொடுக்கலாம். கடையில் இருப்பு வைத்து முதலை முடக்க வேண்டியதில்லை.

தரை துடைக்கும் ரோபோவின் கதை வேறு. டைல்ஸ் தரையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. வேலைக்குப் போகும் தம்பதியருக்கும், பிள்ளைகள் வெளியூரில் இருக்க இங்கே தனித்து வாழும் பெரியவர்களுக்கும் உண்மையான உதவி அது. ஆனால் இப்படிப்பட்ட ரோபோக்களில் பல சுமார் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் ஏறாது. நம் வீட்டு நிலைப்படியைத் தாண்ட முடியாமல் ஒரே அறையில் சுற்றிக்கொண்டிருக்கும். நீண்ட தலைமுடி பிரஷ்ஷில் சுற்றிக்கொள்ளும். இதையெல்லாம் விற்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குத் தண்ணீர்தான் முக்கியம். குழாயில் வரும் நல்ல தண்ணீர் வேறு, போர்வெல் உப்புத் தண்ணீர் வேறு என்பது கோவைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் விட்டால் பாத்திரத்தில் வெள்ளை படியும். உள்ளே இருக்கும் ஹீட்டரிலும் படியும். அதற்கென்று தனி உப்பு போட வேண்டும், தண்ணீரின் கடினத்துக்கு ஏற்ப இயந்திரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். "உங்கள் வீட்டில் என்ன தண்ணீருங்க?" என்று ஆன்லைனில் யாரும் கேட்கப் போவதில்லை. நாம் கேட்கலாம். கேட்பவனிடம்தான் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.

இந்த வரிசையில் நம் பகுதிக்கு மிகப் பொருத்தமானது தண்ணீர் மோட்டாரை நிறுத்தும் தானியங்கிக் கருவி. விலை குறைவு. தொட்டி நிரம்பி வழிவதும் தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடிக் கருகுவதும் தவிர்க்கப்படும். கெட்டுப்போனால் உள்ளூர் எலெக்ட்ரீஷியனே பார்த்துவிடுவார். சத்தமில்லாமல் இது விற்பதற்கு அதுவே காரணம்.

பெட்டிக்குப் பின்னால் யார்?

"ஏனுங்க, இது நின்னு போச்சுன்னா யாருகிட்டங்க கொண்டு போறது?" வாடிக்கையாளர் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத சரக்கை நாம் கல்லாவுக்கு முன்னால் வைக்கக் கூடாது. 2002-ல் ரூம்பா என்ற தரை பெருக்கும் ரோபோவைக் கொண்டுவந்து உலகம் முழுதும் பெயர் வாங்கிய ஐரோபோட் நிறுவனமே 2025 டிசம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை என்றால், முகவரி இல்லாத பெட்டிச் சரக்கை நம்பி நாம் எப்படி வாக்குக் கொடுப்பது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் கேடு விளைந்தால் விற்பனையாளரும் பொறுப்பாகும் சூழ்நிலைகள் உண்டு. தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை என்றாலோ, அவருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க முடியவில்லை என்றாலோ, விற்றவர் பதில் சொல்ல நேரிடும். தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாகத் தந்து, பொருள் அதற்கு ஒத்து வராமல் கேடு விளைந்தாலும் அப்படியே. "ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்று வாய் தவறிச் சொல்லும் வார்த்தைக்கும் விலை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

1. கொள்முதலுக்கு முன் உதிரி பாகம், பேட்டரி, சர்வீஸ் ஆகியவை கோவையில் கிடைக்குமா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காது என்றால் சரக்கு வேண்டாம்.

2. பில் போட்டு, உத்தரவாத அட்டையில் தேதி எழுதி, முத்திரையிட்டுக் கொடுக்க வேண்டும். உத்தரவாதம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

3. ஒரு கடைக்கு ஒரு மெக்கானிக் வைப்பது இயலாத காரியம். நான்கைந்து கடைகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ரயில்வே சிக்னல் தொழிற்சாலையும் குறிச்சி சிட்கோவும் அருகிலிருக்கும் ஊர் நம்முடையது. ஐ.டி.ஐ. படித்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி கொடுத்தால் பழகிக்கொள்வார்கள். சங்கம் இதற்கு முன்கை எடுக்க வேண்டும்.

4. ஆன்லைனில் வாங்கியதைப் பழுதுக்குக் கொண்டுவருபவரை முகம் சுளித்துத் திருப்பி அனுப்பக் கூடாது. நியாயமான கூலி வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தால், அடுத்த பொருளை அவர் நம்மிடம் வாங்குவார்.

நம் கடையில் பார்த்து, விலை கேட்டு, செல்போனில் ஆர்டர் போடுகிறார்கள் என்ற வருத்தம் எல்லோருக்கும் உண்டு. விலையில் அவர்களோடு நாம் மோதினால் முதல் கரையும். ஆனால் பழுதான இயந்திரத்தோடு வாடிக்கையாளர் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பது நாம்தான். அந்தப் பலத்தை நாம் இன்னும் சரக்காக்கவில்லை. சர்வீஸுக்கு இவ்வளவு கூலி என்று பலகையில் எழுதி வைப்போம். அதை மறைத்துக் கேட்க வேண்டியதில்லை.

கிரைண்டரை உலகுக்குக் கொடுத்த ஊர், அடுத்து வரும் இயந்திரங்களை வெறும் அட்டைப் பெட்டியாக விற்றுவிட்டுக் கை கழுவக் கூடாது. அடுத்த கூட்டத்தில் கூட்டு சர்வீஸ் ஏற்பாடு பற்றி உறுப்பினர்கள் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.