எட்டு மணி நேரத்தில் பினாங்கு

உல்லாசக் கப்பலில் போய் வந்தேன் என்று சொன்னால், "என்ன செலவாயிற்று?" என்று கேட்பவர்கள் பாதிப் பேர், "தலை சுற்றவில்லையா?" என்று கேட்பவர்கள் மீதிப் பேர். இரண்டு கேள்விக்கும் முதலிலேயே பதில் சொல்லி விடுகிறேன். செலவு என்னுடையதல்ல. தலை சுற்றவில்லை. ஆனால் யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. கப்பல் ஓர் ஊரில் எட்டே மணி நேரம் நின்றால், அதற்குள் எதைப் பார்ப்பது, எதை விடுவது? சகோதரிகளே, இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

என்னோடு வந்தவள் என் அத்தை. ஆலத்தியூர்வாசி. வயது எழுபத்தெட்டு. எங்கள் அரியலூர்ச் சீமைக்கும் கடலுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கே கடல்தான் இருந்தது. இன்றைக்கும் சுண்ணாம்புக் கல்லை உடைத்தால் உள்ளே கல்லாய்ப் போன கிளிஞ்சல் அகப்படும். அந்தக் கல் இப்போது சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. கடல் ஊரை விட்டுப் போய்விட்டதால், ஊர் ஜனங்கள் பிழைப்புக்காகக் கடலைத் தேடிப் போனார்கள். 1951-இல் அப்படிப் போனவர் என் தாத்தா.

நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலில் ஏறினார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை போய் வந்து கொண்டிருந்தது. அறையில் படுத்துப் போனவர்கள் சொற்பம். தாத்தாவைப் போல் தட்டில் பாய் விரித்துப் போனவர்களே அநேகம். அப்போது அத்தைக்கு ஐந்து வயது. என் அப்பா பாட்டியின் வயிற்றில். ஏழு வருஷம் மணியார்டர் வந்தது. எட்டாம் வருஷம், காலமாகிவிட்டார் என்று யாரோ எழுதிய கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

தாத்தாவின் கடைசிக் கடித உறை அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 'மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு' என்பது மட்டும் படிக்க முடிகிறது. கதவு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கறை.

சிங்கப்பூரில் வேலையாயிருக்கும் அத்தையின் பேரன், 2024 ஜனவரியில் கப்பலுக்கு மூன்று டிக்கெட் வாங்கினான். மூன்றாவது டிக்கெட் என் அப்பாவுக்கு. அவர் வர மறுத்துவிட்டார். "என்னைப் பார்க்க வராதவரை நான் எதுக்குப் பார்க்கப் போகணும்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தவில்லை.

புறப்படுகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். சிங்கப்பூரில் ஏறி, வேறு நாட்டுத் துறைமுகத்துக்குப் போய், மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குகிறீர்கள். ஆகவே விசா ஒரு முறை நுழைவதற்கு மட்டுமா, பல முறைக்கா என்று முன்பே பார்த்துக் கொள்ளுங்கள். இரண்டாவது, கைக்கடிகாரம். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம்; நமக்கு இரண்டரை மணி முந்தியது. ஏறிய உடனே கடிகாரத்தை மாற்றிவிடுங்கள். அத்தை மாற்றவில்லை. "ஊர் நேரம் தெரிஞ்சாத்தானே உன் அப்பன் சாப்பிட்டிருப்பானான்னு தெரியும்!" என்றாள். இதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கப்பல் பினாங்கில் நின்றது. சாயங்காலம் நாலு மணிக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவு. பினாங்கில் ஒரு பெரிய சௌகரியம், ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை ஊரின் வாசற்படியிலேயே இருப்பது. வெளியே வந்தால் மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி அறுபது வருஷம் ஆண்டதற்காக, வருஷத்துக்கு ஓர் அடி வீதம் அறுபதடி உயரம். பக்கத்திலேயே, 1786-இல் இங்கே வந்திறங்கிய பிரான்ஸிஸ் லைட்டின் காலத்தில் எழும்பிய கார்ன்வாலிஸ் கோட்டை. 2008-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

என் கையில் ஒரு ஜாபிதா இருந்தது. 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், கெக் லோக் சீ புத்தர் கோயில், கடலுக்குள் மரக்கால் நட்டுச் சீனர்கள் கட்டிய வீடுகள், கடற்கரை. எட்டு மணி நேரத்துக்கு எட்டு இடம்! அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மார்க்கெட் தெரு எந்தப் பக்கம், பாப்பா?" என்றாள். ஜாபிதா கைப்பைக்குள் போய்விட்டது.

கால் மணி நேர நடைதான். ராணித் தெருவில், 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். சற்றுத் தூரத்தில், காதர் முகைதீன் என்ற தமிழ் வணிகர் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதே வட்டாரத்தில் சீனர்களின் கோயிலும், 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும். அப்புறம் மார்க்கெட் தெரு. மல்லிகைச் சரம், சாம்பிராணி, மசாலா அரைக்கும் வாசனை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு! அத்தை நின்றுவிட்டாள். "வெளிநாடுன்னு சொன்னியே? இது திருச்சிப் பெரியகடை வீதியில்ல!" என்றாள்.

அங்கே கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் தூண்கள் தாங்கிய நடைபாதை தொடர்ச்சியாகப் போகிறது. மேலே மாடி இருப்பதால் வெயிலும் மழையும் படாது. 'அஞ்சடி' என்றே தமிழர்கள் சொல்கிறார்கள். ஒரு ஜவுளிக் கடை வாசலில் உறையைக் காட்டி விசாரித்தோம். வயதான முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நம்பர் இல்லாம எப்படிம்மா சொல்றது? கடையெல்லாம் எத்தனையோ கை மாறிப் போச்சு. ஆனா ஒண்ணு. அந்தக் காலத்துல கடைப் பையங்க ராத்திரி இந்த அஞ்சடியிலதான் பாய் போட்டுப் படுப்பாங்க. எங்க கடைப் பையங்களை நானே பார்த்திருக்கேன்" என்றார். பிறகு அத்தைக்கு ஒரு நாற்காலியும், நுரை பொங்க ஆற்றிய தேநீரும் வந்தன. காசு வாங்க மறுத்துவிட்டார்.

அத்தை தேநீரைக் குடித்து முடித்தாள். எழுந்தாள். முதல் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொண்டாள். அடுத்த தூண். அதற்கடுத்த தூண்.

"என்ன அத்தை இது?"

"எந்தத் தூணோரம் படுத்தாருன்னு தெரியல. எல்லாத்தையும் தொட்டுட்டா அதுவும் அதுல வந்துடுமில்ல?"

நான் பதில் பேசவில்லை. தெருவின் ஒரு பக்கம் முழுதும் போய், நடுவில் ஓரிடத்தில் சாப்பிட்டு, மறு பக்கம் முழுதும் வந்தோம். அவசரமே இல்லை அவளுக்கு. நான் துரிதப்படுத்தியபோது கடிகாரத்தைக் காட்டி, "பன்னிரண்டே முக்கால்தானே ஆகுது?" என்றாள். ஆலத்தியூரில் பன்னிரண்டே முக்கால் என்றால் பினாங்கில் மூன்றே கால்! அப்புறம் நாங்கள் நடந்த நடை இருக்கிறதே, அதைக் கப்பல்காரர்கள் பார்த்திருந்தால் விளையாட்டுப் போட்டியில் சேர்த்திருப்பார்கள்.

துறைமேடைக்கு வந்து சேர்ந்ததும் அத்தை என் அப்பாவுக்குப் போன் போடச் சொன்னாள். தெருவைப் பற்றி, தேநீரைப் பற்றி, அஞ்சடியில் படுத்த பையன்களைப் பற்றி, எல்லாத் தூணையும் தொட்டதைப் பற்றி ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"மொத்தம் எத்தனை தூணுக்கா?"

"எண்ணலடா. நீ வந்து எண்ணு" என்றாள் அத்தை.

மலை ரயிலில் போனவர்கள் அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் படங்கள் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தன. எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தெரு போதும் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தெரு எது என்று வழிகாட்டிப் புத்தகத்தில் தேடாதீர்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று முத்திரை குத்திய பழைய உறை ஒன்றாவது இருக்கும். புறப்படுவதற்கு முன் உங்கள் வீட்டுப் பரண் மேல் உள்ள பெட்டியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே இறக்குங்கள். பெயரைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமல்லவா?