குறுக்கே நடக்கும் உரிமை

எங்கள் சேரி சாலைக்குக் கிழக்கே. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் மேற்கே, ஊர்ப் பக்கம். நடுவில் நாலு வழிச்சாலை. ரேஷன் அரிசியோடு திரும்பிய என் சின்னம்மா இடுப்பொடிந்து கிடக்கிறாள். விசாரிக்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "குறுக்கே ஏன் வந்தே?"

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையில் எந்தச் சாதிக்காரரும் நடக்கலாம் என்று அரசாணை வந்தது. அது நெடுக்கே நடக்கிற உரிமை. குறுக்கே நடக்க இன்னும் உயிரைத்தான் கேட்கிறார்கள்.

கணக்குப் போடுவோம் தோழர்களே. ஒரு பக்கத்து ரோடு மட்டும் 7 மீட்டர். சுமையோடு போகிற கிழவி நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 7 நொடி. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் அதற்குள் 190 மீட்டரைத் தாண்டிவிடும். இருட்டில் அத்தனை தூரத்து விளக்கைப் பார்த்து வேகத்தை எப்படிக் கணிப்பது?

கேட்டால் நடைமேம்பாலம் என்கிறார்கள். லாரி போக ஐந்தரை மீட்டர் உயரம் விடணும். அப்படியென்றால் ஏறக்குறைய 40 படி ஏறி, 40 படி இறங்கணும். கார் தரையிலேயே போகுமாம், நடக்கிறவள் வானத்துக்கு ஏறணுமாம். ஏறாவிட்டால் "ஜனங்களுக்குப் புத்தி இல்ல"! வேகத்தைக் குறைக்காமல் வெள்ளைக்கோடு மட்டும் போடுவதும் மோசடிதான். அதை நம்பி இறங்குகிற பிள்ளைதான் சாகும்.

ஒன்று, சாலையை உயர்த்தி அடியில் ஆள் சமதரையில் நடக்க வழி விடு. இல்லையா, சனங்கள் ஏற்கனவே கடக்கிற இடத்திலேயே ரோட்டை மேடாக்கி வேகத்தை 30க்கு இறக்கு, நடுத்திட்டில் நின்று மூச்சு வாங்க இடம் விடு, விளக்குப் போடு. இது ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்த பாதசாரிகள் 32,825 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் சேரிக்காரர் எத்தனை பேர் என்று அந்த அறிக்கை பிரித்துச் சொல்லவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த பிரிவு 198ஏ இருக்கு. சாலை வடிவமைப்பு விதியை மீறியதால் உயிர் போனால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அபராதம், ஒரு லட்சம் வரை. நம்ம உயிருக்கு அவ்வளவுதான் விலை. இருந்தாலும் மனுவில் அந்த எண்ணை எழுதுங்கள்.

மாணவத் தோழர்கள் உங்கள் சேரி எதிரே காலையும் மாலையும் ஒரு மணிநேரம் நில்லுங்கள். எத்தனை பேர், எந்த இடத்தில், என்ன சுமையோடு கடக்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம். அந்தப் பக்கங்களோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம்.