அறுவைக்குப் பின் வயிற்று நோவு: கருவியும் கண்காணிப்பும்

வயிற்றில் அறுவை சிகிச்சை பெற்று வீடு திரும்பியவருக்கு வாந்தியும் வயிற்று உப்புசமும் காணுமாயின், அதனை வாயுத் தொல்லை என்று கூறிக் கஷாயம் கொடுத்து ஒதுக்கிவிடுவது நம்மிடையே பெருவழக்காக உள்ளது. இவ்வழக்கு உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். ஐதராபாத் நகரின் பெரிய மருத்துவமனைகளில் குடலின் நிலையைப் படமாக்கிக் காட்டும் சி.டி. ஸ்கேன் கருவிகள் உள்ளன. ஆயினும், நோயாளரை உரிய வேளையில் அங்கு அனுப்பி வைப்பார் இல்லையெனில் அவற்றால் யாது பயன்?

வயிற்று அறுவை இன்று அரிய நிகழ்ச்சி அன்று. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தெலங்கானாவில் 60.7 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன் முறையில் நிகழ்ந்தன. தமிழ்நாட்டில் இது 44.9; இந்தியா முழுமைக்கும் 21.5. சிசேரியனுக்குப் பின் குடலடைப்பு நேர்வது குறைவே. குடலிலேயே செய்யப்படும் அறுவைகளுக்குப் பின் அது மிகுதி. எனினும், அறுவைகளின் எண்ணிக்கை பெருகும்போது அரிய கேடும் களப்பணியாளரின் கண்முன் வந்தே தீரும்.

அறுவைக்குப் பின் குடல் சிறிது காலம் அசைவற்றிருத்தல் இயல்பு. சிறுகுடல் ஏறக்குறைய ஒரு நாளிலும், பெருங்குடல் மூன்று முதல் ஐந்து நாட்களிலும் மீண்டும் இயங்கத் தொடங்கும். இவ்வசைவின்மை நீடிக்கலாம், உள்ளே தோன்றும் ஒட்டுநார்கள் குடலை இறுக்கலாம், குடலைத் தைத்த இடம் கசியலாம். மூன்றிலும் வெளிக்குறிகள் ஏறத்தாழ ஒன்றே. முதலாவது பெரும்பாலும் தானே தீரும். ஆனால், குடல் முறுக்குண்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டால், சில மணி நேரத்திலேயே அப்பகுதி அழியத் தொடங்கும்.

இங்குதான் சி.டி. ஸ்கேன் துணை நிற்கிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இக்கருவி, 1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. சாதாரண எக்ஸ்-ரே படம் குடல் வீங்கியிருப்பதைக் காட்டும்; அடைப்பு எவ்விடத்தில், எதனால் என்பதைப் பெரும்பாலும் காட்டாது. சி.டி. படமோ வீங்கிய குடல் சுருங்கும் இடத்தையும், இரத்த ஓட்டத்தின் குறைவையும், சீழ்க்கட்டியையும் காட்ட வல்லது.

அவ்வாறாயின் அனைவருக்கும் படமெடுத்துவிடலாமே என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. அறுவை முடிந்த முதற் சில நாட்களில் வயிற்றறையில் சிறிது காற்றும் நீரும் இருத்தல் இயல்பாதலின், படம் மயக்கம் தரலாம். மேலும், ஒருமுறை வயிற்றைப் படமெடுத்தால் உடலில் படும் கதிர்வீச்சு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையில் மூன்று, நான்கு ஆண்டுகளில் நாம் பெறும் அளவு அது. சிரைவழி ஏற்றப்படும் அயோடின் மருந்து சிறுநீரகம் நலிந்தோருக்கு ஊறு செய்யலாம். நோயாளரைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் ஐயத்திற்கு விடை காணவே கருவி; அவரது ஆய்வுக்கு மாற்றாக அன்று.

தாமதத்தின் விலையை ஐதராபாத் வட்டாரம் அறியும். 2022 ஆகஸ்டு 25ஆம் நாள், அந்நகரை அடுத்த இப்ராகிம்பட்டினத்தில் 34 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அடுத்த சில நாட்களில் நால்வர் மாண்டனர். அங்கு நேர்ந்தது குடலடைப்பு அன்று, நோய்த்தொற்று. ஆயினும், தொடக்கத்தில் அது வெறும் வயிற்றுக் கோளாறு போன்றே தோன்றியது. அறுவைக்குப் பின் தோன்றும் வயிற்றுக் குறி எதனையும் எளிதாகக் கருதலாகாது என்பதே அதன் பாடம்.

ஆதலின், களப்பணியாளர் வீடு செல்லுங்கால் சிலவற்றைத் தவறாது கேட்டறிதல் வேண்டும்: வாந்தி நிற்கவில்லையா? வயிறு உப்புகிறதா? மலமும் காற்றும் பிரிகின்றனவா? காய்ச்சல் உண்டா? நாடி விரைகிறதா? வலி நாளுக்கு நாள் மிகுகிறதா? ஐயம் தோன்றின், உணவை நிறுத்தி, அறுவையின் நாளையும் வகையையும் சீட்டில் குறித்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் நலம். மருத்துவமனை தந்த சீட்டைப் பல்லாண்டு காத்து வைக்குமாறு ஆசிரியர்கள் மாணவர் வழியே இல்லங்களுக்கு அறிவுறுத்தலாம். ஒட்டுநாரால் வரும் அடைப்பு ஆண்டுகள் கழித்தும் நேரக்கூடியது. கருவி நகரத்தில் இருக்கிறது. அதனிடம் அனுப்பும் முடிவு சிற்றூரில்தான் பிறக்க வேண்டும்.