கவரிங் கம்மல் காதுல அரிக்குதா? பல்லுக்கு கேப் போடும் முன் டாக்டரிடம் சொல்லுங்க!

கம்மல் மாத்தின ரெண்டே நாளில் காது சிவந்து அரிக்கும். கவரிங் நகைக்குப் பேர்போன சிதம்பரம், புவனகிரி வட்டாரத்தில் இது புதுப் புகார் இல்லை. ‘நமக்குச் சேரலை’ என்று கழற்றி வைத்துவிட்டு மறந்துவிடுவோம். ஆனால், பல் டாக்டருக்குத் தெரிய வேண்டிய தகவல் இது.

ஏன்?

அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல். விலை குறைந்த மெட்டல் கேப்களில் பல, நிக்கல்-குரோமியம் கலவைதான். பல்லை நேராக்கும் நிக்கல்-டைட்டானியம் கம்பியில் ஏறக்குறைய பாதி நிக்கல். எச்சிலில் இது மிக நுண்ணிய அளவில் கரைகிறது. உடலின் எதிர்ப்பு சக்தி அதை எதிரியாக நினைத்தால் அலர்ஜி. உடனே தெரியாது, மெதுவாகத்தான் வெளிப்படும்.

அறிகுறிகள் என்ன?

கேப்போ அடைப்போ உரசும் இடத்தில் ஈறு சிவப்பது, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைக் கோடுகள், காரம் பட்டால் எரிச்சல். சிலருக்கு உதட்டைச் சுற்றியோ கையிலோ தோல் தடிப்பு வரும். சுமார் 50% பாதரசம் உள்ள ‘வெள்ளி’ அடைப்பாலும் இப்படி ஆகலாம்.

ஒரு எச்சரிக்கை: எல்லா வெள்ளைத் திட்டும் அலர்ஜி இல்லை. புகையிலை, பாக்கு போடுகிறவர்களுக்கு அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் இருக்கலாம். 2 வாரத்தில் ஆறாவிட்டால் கட்டாயம் காட்டுங்க.

எப்படி உறுதி செய்வது?

தோல் டாக்டர் செய்யும் பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள். அடுத்த சில நாட்களில் மறுபடி பார்ப்பார்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980-ல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, இப்போது அரசு நிர்வாகத்தில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கேயே இருப்பதால், இரண்டு துறையிலும் ஆலோசனை கேட்கலாம்.

பழைய அடைப்பை எடுத்துடணுமா?

பயந்து எடுக்க வேண்டாம். அலர்ஜி உறுதியானால் தவிர, நல்ல நிலையில் உள்ள அடைப்பை எடுக்க வேண்டியதில்லை என்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. (2020). ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் பாதரச அடைப்புக்குத் தடை போட்டதற்கும் முக்கியக் காரணம் அலர்ஜி இல்லை, சுற்றுச்சூழல் மாசு. நிக்கல் சேராத பலருக்கு வாயில் எந்தத் தொந்தரவும் வருவதில்லை.

புதுசா போடுறவங்க மட்டும் முதல்லயே சொல்லிடுங்க. சிர்கோனியா கேப், காம்போசிட் அடைப்பு என மாற்று வழிகள் இருக்கு. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால், ஒட்டின கேப்பைப் பிறகு வெட்டி எடுத்து வேறு போட்டால் செலவு இரட்டிப்பு.