சுட்டெண்ணுக்குத் தெரியாத இடப்பெயர்வு

நியூசிலாந்தில் பின்தங்கிய மாணவருக்கென அரசு வழங்கும் மேலதிக நிதி, 1995 தொடக்கம் அவர்கள் வாழும் சுற்றாடலின் குடிசன மதிப்பீட்டைக் கொண்டே பாடசாலைகளுக்குப் பகிரப்பட்டது. ஒன்று முதல் பத்து வரையான 'டெசைல்' எண் அதற்கு அளவுகோல். ஒக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே போன்ற புறநகரில், வசதியான தெருவொன்றில் வாடகைக்கிருந்த அகதிக் குடும்பமும் அத்தெருவின் சராசரிக்குள் மறைந்துபோனது. இந்த எண்ணையே பாடசாலையின் தரமெனப் பெற்றோர் கருதியது (நம்மவரும் விலக்கல்லர்) வேறொரு கேடு.

2023 இல் அம்முறை கைவிடப்பட்டது. இன்றைய சமவாய்ப்புச் சுட்டெண், பெற்றோரின் வருமானம், கல்வி, பிள்ளை வீடு மாறிய தடவைகள் உட்பட 37 காரணிகளை மாணவர்வாரியாகக் கணிக்கிறது. எந்தப் பிள்ளையின் நிலை என்னவென்பது பாடசாலைக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. இது முன்னேற்றமே. ஆயினும் கணிப்புக்கு ஆதாரம் இந்நாட்டுப் பதிவேடுகள். வன்னியில் இழந்த பள்ளியாண்டுகளோ தமிழகத்து முகாம் வாழ்வோ அவற்றில் இல்லை.

அக்குறையைப் பாடசாலைச் சபையிடம்தான் எடுத்துரைக்க வேண்டும். நிதியை எதற்குச் செலவிடுவதென்று தீர்மானிப்பது அச்சபையே. 1989 சீர்திருத்தத்தின் பின் அதன் பெற்றோர் பிரதிநிதிகளை மூன்றாண்டுக்கொருமுறை பெற்றோரே தெரிவுசெய்கின்றனர். கணக்காய்வுக்குட்பட்ட அதன் ஆண்டறிக்கை பகிரங்க ஆவணம். அதை எடுத்துப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குச் செல்லும் பெற்றோருக்குப் பதில் சொல்லாதிருப்பது சபைக்கு எளிதன்று.