வாங்க வழியுண்டு, ஒப்படைக்க இடமில்லை

பெரம்பலூரிலோ அரியலூரிலோ வசிக்கும் ஒருவர், தான் வளர்க்கும் இக்வானாவை இனிமேல் பராமரிக்க முடியாது என்ற நிலைக்கு வந்தால், அதை எங்கே ஒப்படைப்பது? அயல்நாட்டு வளர்ப்பு உயிரினங்களை ஏற்றுக்கொள்ள அங்கீகாரம் பெற்ற காப்பகம் இவ்விரு மாவட்டங்களிலும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பவை ஏரியும் கோயில் குளமும்தான்.

அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. மீன் கடையில் விற்கப்படும் சிவப்புக் காது ஆமைக்குஞ்சு பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி வரை நீளும். முப்பது ஆண்டுகள்கூட உயிர்வாழும். தொட்டி போதாமல் போனதும் குளத்தில் விடுகிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இதன் இறக்குமதிக்குத் தடை விதித்துவிட்டது. நம் குளத்து ஆமைகளின் இரையையும், அவை வெயில் காயும் கரையையும் இது பிடித்துக்கொள்ளும். மீன்தொட்டியின் பாசியைத் தின்பதற்காக வாங்கப்பட்ட ‘டேங்க் கிளீனர்’ மீன் தமிழக நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, மீனவர்களின் வலைகளைப் பாழாக்கிவருவது தெரிந்ததே.

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டியை நினைத்துப் பாருங்கள். 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ராம்சர் தகுதி பெற்றது. ஏறக்குறைய 454 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரிக்கு இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே அதற்குத் தண்ணீர் வருகிறது. வாய்க்கால் ஓரத்தில் ஒருவர் இரக்கப்பட்டு விட்ட ஆமை அங்கே போய்ச் சேர யார் அனுமதியும் தேவையில்லை.

சட்டம் தூங்கவில்லை. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பஞ்சவர்ணக்கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, இக்வானா, பால் பைத்தான் போன்றவற்றை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வெளியாகி, ஆறு மாத அவகாசமும் தரப்பட்டது. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாம் தெரிவிக்கப்பட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் வளர்க்க இயலாதவர் எங்கே போவார் என்பதற்கு நம் மாவட்டங்களில் விடை கிடைக்கவில்லை. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு நடிகரின் வீட்டிலிருந்த இரண்டு கிளிகளுக்காக வனத்துறை 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. உள்நாட்டுக் கிளியை வளர்ப்பது குற்றம் என்று அந்த நடவடிக்கை ஊருக்கே உணர்த்தியது. கூடவே, அபராதத்துக்கு அஞ்சுவோர் இரவோடு இரவாகக் கூண்டைத் திறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. தண்டனைக்கு அஞ்சாமல் கொண்டுவந்து கொடுக்க ஒரு வாசல் வேண்டும்.

அந்த வாசலைத் தன்னார்வலர்களே திறந்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் அதற்கு மரபும் உண்டு. 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், 1976இல் வடநெம்மேலியில் உருவான முதலைப் பண்ணை போன்றவை ஆர்வலர்களின் உழைப்பை உடன்வைத்து வளர்ந்தவை. பெரம்பலூரின் மக்காச்சோளமும் வீட்டுக்கு வீடு நிற்கும் முருங்கையும் தீவனத்துக்குக் கைகொடுக்கும். கல்லூரி மாணவர்கள் காலையில் வந்து கூண்டு கழுவுவார்கள் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. ஆனால் பஞ்சவர்ணக்கிளி ஐம்பது ஆண்டுகள் வாழும். மாணவர் மூன்றாண்டில் படிப்பை முடித்துப் போய்விடுவார். இக்வானாவுக்குப் போதிய வெயிலோ புற ஊதா விளக்கோ இல்லையென்றால் எலும்பு நொய்ந்துபோகும். புதிதாக வரும் கிளியைத் தனிமைப்படுத்தாவிட்டால், அதைப் பராமரிப்பவருக்கே காய்ச்சல் தொற்றலாம். போதாக்குறைக்கு, இன்றைய சட்டப்படி மீட்பு மையமும் ‘உயிரியல் பூங்கா’ என்ற வரையறைக்குள் வருகிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் அதை நடத்த முடியாது. நல்ல மனம் படைத்த ஒருவர் தன் கொல்லையில் தொடங்கினால் வழக்கில்தான் முடியும்.

எனவே நிலம், வேலி, கால்நடை மருத்துவர், அங்கீகாரம் ஆகியவை அரசின் பொறுப்பு. அன்றாடப் பராமரிப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களின் பங்கு. முன்மாதிரி தொலைவில் இல்லை. திருச்சியிலிருந்து பெரம்பலூர் செல்லும் வழியில், எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறை யானைகள் மறுவாழ்வு மையத்தை நடத்துகிறது. ஒரு யானைக்குத் தேவையான இடத்தில் நூறு கிளிகளைக் காக்கலாம்.

இப்படி ஒரு காப்பகம் வந்தால், ‘வேண்டாமென்றால் அங்கே விட்டுவிடலாம்’ என்று வாங்குவோர் கூடிவிடுவார்கள் என்ற எதிர்வாதத்தை ஒதுக்க முடியாது. அதனால் காப்பகத்தில் இனப்பெருக்கம், விற்பனை, காட்சிப்படுத்தல் மூன்றும் கூடாது. ஒப்படைப்பவரிடம் இயன்ற தொகை பெறலாம். செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018 விதிகளின்படி பதிவு கட்டாயம். விற்ற உயிரைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் அக்கடைகள் மீது சுமத்த வேண்டும். மக்களுக்கே மருத்துவமனை போதாதபோது வெளிநாட்டுக் கிளிக்குச் செலவா என்றும் கேட்கப்படும். ஏரிகளில் அயல் இனங்கள் பெருகிய பிறகு அவற்றை ஒழிக்க ஆகும் செலவுக்கு முன்னால் இது மிகச் சொற்பம்.

இரு மாவட்ட ஆட்சியர்களும் வனத்துறையும் இடம் தேர்வு செய்யும் பணியை இந்த நிதியாண்டிலேயே தொடங்க வேண்டும். அதுவரை வளர்ப்போரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: ஆமையையோ மீனையோ ஏரியிலும் குளத்திலும் விடாதீர்கள், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் தகவல் சொல்லுங்கள்.